கவுனைக் கழற்றி வைத்த வக்கீல்

கம்பெனியில் லீகல் ஆபீசராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "சார், இந்தப் பார்ட்டிக்கு ஒரு நோட்டீஸ் விடணும்" என்று ஒரு செக்கை நீட்டினார். கணக்கில் பணமில்லை என்று வங்கி திருப்பி அனுப்பிய செக். கூடவே வங்கியின் ரிட்டர்ன் மெமோ. மெமோவில் இருந்த தேதியைப் பார்த்தேன். 41 நாள் ஓடிப்போயிருந்தது.

கோர்ட் பக்கம் '138' என்று சொன்னாலே செக் வழக்கு என்று எல்லோருக்கும் புரியும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் அந்த 138-ஆம் பிரிவில் நாள் கணக்கு கறார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பின் பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அந்த வழியும் கிடையாது.

"இவ்வளவு நாள் எங்கே இருந்தது இது?"

"டிராயர்ல சார். நம்ம பழைய பார்ட்டிதான், கொடுத்துடுவார்னு வச்சிருந்தேன்."

ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் கை கொடுத்தது. செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதம் அது செல்லும். அது முடிய இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. அந்த 3 மாதத்துக்குள் செக்கை மறுபடியும் வங்கியில் போடலாம், மறுபடியும் திரும்பினால் அந்த நாளிலிருந்து புதிதாக 30 நாள் எண்ணலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. போட்டோம். திரும்பியது. மறுநாளே நோட்டீஸ் போனது. 15 நாள் கெடுவில் பன்னிரண்டாவது நாள் பணம் வந்துவிட்டது.

இதில் நோட்டீஸ் எழுதியது பெரிய வேலையே இல்லை. பாரிமுனையில் எந்த வக்கீலும் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பார். அதற்கு அடுத்த வாரம் நான் செய்ததுதான் நான் வாங்கும் சம்பளத்துக்கான வேலை. எந்த செக் திரும்பினாலும் மெமோவை அன்றைக்கே போட்டோ எடுத்து லீகலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தேன். வெளியில் இருக்கும் வக்கீலுக்கு அந்த டிராயர் தெரியாது. வழக்குக் கட்டு அவர் கைக்குப் போகும்போது என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் அவர் வாதாட முடியும். டிராயருக்குள் என்ன தூங்குகிறது என்று பார்க்க உள்ளேயே ஒருவர் வேண்டும். நிறுவன வக்கீல், இன்ஹவுஸ் கவுன்சல், லீகல் ஆபீசர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் வேலை அதுதான்.

சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "கம்பெனியில வக்கீலுக்கு என்னண்ணா வேலை? கோர்ட்டுக்குப் போவீங்களா?" போவேன். ஆனால் கவுன் போட்டுக்கொண்டு இல்லை. அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

கவுன் எங்கே போனது?

எல்எல்.பி. முடித்து, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வும் எழுதி வக்கீலாகிறோம். பதிவுக்கான கட்டணம் சட்டப்படி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கலாம். அப்படி வக்கீலான ஒருவர் மாதச் சம்பளத்துக்கு முழுநேர வேலையில் சேர்ந்தால் என்ன ஆகும்?

இந்திய பார் கவுன்சிலின் 49-ஆம் விதி இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. வக்கீல் தொழில் செய்கிறவர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. அரசாக இருந்தாலும் சரி, தனியாராக இருந்தாலும் சரி. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரியப்படுத்தி, வேலையில் இருக்கும் வரை தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். முன்பு சட்ட அதிகாரிகளுக்கு இதில் ஒரு விலக்கு இருந்தது. 2001-இல் அதையும் நீக்கிவிட்டார்கள். அதே ஆண்டில் இமாச்சலப் பிரதேச மின் வாரியத்தின் சட்ட அதிகாரி ஒருவரின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. வாரியத்துக்காக அவர் நீதிமன்றத்தில் ஆஜராகிக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் முழுநேர ஊழியர் என்பதால் பதிவு செல்லாது என்றது.

படித்த படிப்பு எங்கும் போகாது, பட்டமும் போகாது. வேலையை விட்டால் மறுபடி தொழிலுக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது. கழுத்தில் பேண்ட் கட்டிக்கொண்டு நின்று வாதாட முடியாது. சிலர் பார் கவுன்சிலுக்குச் சொல்லாமலே வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை நண்பருக்காக ஒரு கேஸில் ஆஜராகிறார்கள். செய்யாதீர்கள். அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய தப்பு.

நீதிபதி ஆகும் ஆசை உள்ளவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. மாவட்ட நீதிபதி பதவிக்கு வக்கீலாக நேரடியாகப் போக அரசியல் சட்டத்தின் 233-ஆவது பிரிவு 7 ஆண்டு கேட்கிறது. கம்பெனியில் கழித்த வருடங்களை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நம்பி இறங்க வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கம்பெனி வழக்குப் போட்டால் கம்பெனி சார்பில் யாராவது ஓர் ஆள் சாட்சி சொல்ல வேண்டும் இல்லையா? போர்டு தீர்மானத்தையும் அதிகாரக் கடிதத்தையும் கையில் கொடுத்து, பெரும்பாலும் லீகல் ஆபீசரைத்தான் அனுப்புவார்கள். நேற்று வரை சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தவர் இன்று கூண்டில் ஏறி, "பெயர்? அப்பா பெயர்? வயது?" என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வழக்குக் கட்டில் அவர் பெயர் வா.சா.1, அதாவது வாதி தரப்பின் முதல் சாட்சி. எதிர்த் தரப்பு வக்கீல் கல்லூரியில் நம்மோடு படித்தவராக இருந்தால் இன்னும் விசேஷம்.

கட்சிக்காரர் யார்?

வெளியில் தொழில் செய்யும்போது கட்சிக்காரர் எதிரில் உட்கார்ந்திருப்பார். பிடிக்கவில்லை என்றால் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கம்பெனியில் ஒரே ஒரு கட்சிக்காரர். அவரைக் கண்ணால் பார்க்கவே முடியாது என்பதுதான் சிக்கல்.

கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் பங்குதாரர் வேறு, இயக்குநர் வேறு, அது வேறு. 1897-இல் இங்கிலாந்தில் சாலமன் என்ற செருப்பு வியாபாரியின் வழக்கில் சொன்னது இது. கம்பெனிச் சட்டம் படிக்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே படிப்பார்கள். தேர்வில் எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கும். எம்.டி. கூப்பிட்டு ஒரு காரியம் சொல்லும்போதுதான் அதன் கனம் புரியும். நமக்குச் சம்பள உயர்வு போடுகிறவர் அவர். ஆனால் நம் கட்சிக்காரர் அவர் இல்லை, கம்பெனி. இரண்டு பேருக்கும் நல்லது ஒன்றாகவே இருக்கிற வரை பிரச்சினை இல்லை.

ஒரு தடவை மார்ச் கடைசியில் எனக்கு இப்படி ஒரு கட்டளை வந்தது. ஒரு சப்ளையரோடு ஜனவரியிலிருந்தே வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஒப்பந்தம்தான் போடவில்லை. ஆடிட்டர் கேட்டுவிட்டார். "ஜனவரி ஒண்ணாம் தேதி போட்டு ஒரு அக்ரிமென்ட் ரெடி பண்ணுங்க."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது சொன்னபடி செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டாம்ப் பேப்பர் மார்ச்சில் வாங்கியது, அதன் பின்னால் விற்ற தேதி இருக்கும், முன்பக்கம் ஜனவரியில் கையெழுத்துப் போட்டதாக இருக்கும்; எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் நம் சாட்சியைக் கவிழ்த்துவிடுவார். அது பொய் ஆவணம் என்பது தனி. ஆனால் எம்.டி.க்கு வேண்டியது பொய் ஆவணம் இல்லை. ஜனவரி முதல் நடந்த வேலைக்கும் ஒப்பந்தம் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. கையெழுத்துப் போடும் நாளையே கையெழுத்துத் தேதியாகப் போடலாம். "இரு தரப்பாரும் ஜனவரி 1 முதல் இந்த நிபந்தனைகளின்படியே நடந்து வந்திருக்கிறோம், அன்று முதல் இந்த ஒப்பந்தம் பொருந்தும்" என்று உள்ளே ஒரு வாக்கியம் எழுதலாம். ஆடிட்டருக்கும் திருப்தி. இரண்டு வரியில் எம்.டி.க்கு மெயில் போட்டேன். "ஓகே" என்று பதில் வந்தது.

இந்தத் தொழிலில் பாதி வேலை இப்படித்தான். முடியாது என்று மட்டும் சொல்கிற லீகல் ஆளை அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே செய்துவிட்டு, கெட்டுப்போன பிறகு கட்டோடு வருவார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுகிறவர் இருந்தும் பிரயோஜனமில்லை. வழி இருக்கிற இடத்தில் வழி சொல்ல வேண்டும். இல்லாத இடத்தில் இல்லை என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்ததற்காக ஓரங்கட்டப்பட்டவர்களும் உண்டு. வேலையை விட்டவர்களும் உண்டு. அதை மறைத்து இந்த வேலையை விளம்பரம் செய்ய எனக்கு மனமில்லை.

மெயிலில் எழுதும் முன்

வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் என்கிற இந்தப் பாதுகாப்பு பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் இருக்கிறது, 132-ஆம் பிரிவில். நிறுவன வக்கீலுக்கு இது உண்டா என்பது ரொம்ப நாளாகக் குழப்பமாகவே இருந்தது. 2025 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்து வைத்தது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல் இல்லை. ஆகவே 132 அவருக்குக் கிடையாது. நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லும் வெளி வக்கீலோடு அவர் பேசியதற்கு 134-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. ஆனால் முதலாளிக்கும் அவருக்கும் நடுவில் நடந்த பேச்சுக்கு அது கிடைக்காது.

ஊருக்கு ஊர் இது மாறும். அமெரிக்காவில் 1981-லேயே அப்ஜான் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், கம்பெனி வக்கீலிடம் ஊழியர்கள் சொன்னதற்கும் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ போட்டிச் சட்ட விசாரணைகளில் அது கிடையாது. அக்ஸோ நோபல் வழக்கில் 2010-இல் அப்படித்தான் முடிவானது. சம்பளம் வாங்குகிறவர் வெளி வக்கீலைப் போல முழுச் சுதந்திரமாக இருக்க முடியாது என்பது அங்கே சொன்ன காரணம். கொஞ்சம் உறுத்துகிற காரணம்தான். ஆனால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? "நம்ம மேல தப்பு இருக்கு, மாட்டினா போச்சு" என்று ஆவேசமாக மெயில் அடிக்கும் முன் நிதானிக்க வேண்டும். நாளை அந்த மெயில் வேறு யார் மேஜையிலாவது இருக்கலாம். சிக்கலான விஷயமென்றால் ஆரம்பத்திலேயே வெளி வக்கீலைச் சேர்த்துக்கொண்டு அவரிடம் கருத்துக் கேட்பது நல்லது. எழுதுவதில் நடந்ததையும் செய்ய வேண்டியதையும் மட்டும் எழுதினால் போதும். உணர்ச்சிகளை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்

ஒப்பந்தங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வரும். ஏன் என்று கேட்காதீர்கள். சேல்ஸ் மேனேஜர் 5 மணிக்கு வந்து, "சார், சும்மா ஒரு ஸ்டாண்டர்ட் அக்ரிமென்ட்தான், லீகல் பாத்தாச்சுன்னு ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க" என்பார். நாற்பது பக்கம் இருக்கும்.

அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்சாலை, வண்டிக்கு ஒரு ரப்பர் வாஷர் செய்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 40 ரூபாய். வாங்கும் பெரிய கம்பெனி அனுப்பிய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வாசகம்: பொருளில் குறை இருந்தால் வாங்குபவருக்கு ஏற்படும் எல்லா நஷ்டத்தையும், நேரடியானாலும் மறைமுகமானாலும், விற்பவர் ஈடு செய்ய வேண்டும்.

படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. கெட்ட பொருள் கொடுத்தால் ஈடு செய்யத்தானே வேண்டும்? சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாஷர் சரியில்லை என்று அவர்களின் தயாரிப்பு லைன் ஒரு நாள் நின்றுவிட்டது. அந்த ஒரு நாளில் அவர்கள் இழந்த லாபம், டீலர்களுக்குக் கொடுத்த ஈடு, விற்ற வண்டிகளைத் திருப்பி வரவழைத்த செலவு எல்லாம் 'எல்லா நஷ்டம்' என்ற இரண்டு வார்த்தைக்குள் உட்கார்ந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, தொலைதூர, மறைமுக நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்கிறது. அந்த வேலியைத் தாண்டிப் போகத்தான் 'மறைமுகமானாலும்' என்று எழுதி வைக்கிறார்கள். 40 ரூபாய் வாஷருக்காக ஃபேக்டரியையே அடமானம் வைப்பது போன்ற காரியம்.

அதைத் திருத்த நீண்ட சண்டை தேவையில்லை. மறைமுக நஷ்டம் என்பதை எடுக்கச் சொல்லலாம். பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு கேட்கலாம். உதாரணமாக, கடந்த 12 மாதத்தில் அந்தப் பொருளுக்காக வாங்கிய பில் தொகைக்கு மேல் போகாது என்று. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த ரிஸ்க்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க முடியுமா, விலையில் அதைச் சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம். எதுவும் முடியாவிட்டால், தெரிந்தே அந்த ஆபத்தை ஏற்பதா என்பதை முதலாளி முடிவு செய்யட்டும். அந்த முடிவு லீகலுடையது இல்லை. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்: எல்லா ரிஸ்க்கையும் தானே தடுத்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தூக்கம் கெடுப்பார்கள்.

அதே ஒப்பந்தத்தில் 'பில் கொடுத்து 90 நாளில் பணம்' என்றும் இருக்கும். விற்பவர் சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி எழுத்தில் என்ன ஒத்துக்கொண்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. விற்கிற பக்கம் இருந்தால் இதை நினைவூட்டுவோம். வாங்குகிற பக்கம் இருந்தால் நம் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நினைவூட்டுவோம். பிறகு, வழக்கு வந்தால் டெல்லி நீதிமன்றம் என்ற வரியை அடித்துச் சென்னை என்று எழுதிவிட்டு, 7 மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

ஒப்பந்தம் தவிர மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 10 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அது பெயருக்கு இருக்கிறதா, நிஜமாக இயங்குகிறதா என்று பார்ப்பது பெரும்பாலும் எச்.ஆரும் லீகலும் சேர்ந்துதான். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் தனி உலகம். வாடிக்கையாளரின் செல்போன் எண்ணை வாங்கி வைத்திருக்கும் கடைகூட இப்போது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். டிரேட்மார்க், லைசென்ஸ் புதுப்பிப்பு, வெளி வக்கீல்களின் பில்லைச் சரிபார்ப்பது, எந்தக் கோர்ட்டில் எந்தத் தேதிக்கு வாய்தா என்று எக்செல் ஷீட் வைத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதில் சுவாரஸ்யம் கொஞ்சமும் இல்லை. ஆனால் வாய்தா தவறி, நாம் ஆஜராகாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்தால் முதலில் கேட்பது நம்மைத்தான்.

எங்கெல்லாம் இடம் இருக்கிறது?

வங்கிகளிலிருந்து ஆரம்பிக்கலாம். அரசு வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். சிறப்பு அதிகாரி தேர்வில் சட்ட அதிகாரி என்று ஒரு பிரிவு உண்டு. சட்டப் பட்டத்தோடு பார் கவுன்சில் பதிவும் கேட்பார்கள். ஆகவே கம்பெனிக்குத்தானே போகிறோம் என்று பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். வங்கியில் பெரும்பகுதி நிலமும் கடனும்தான். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று என்று அடுக்கி வைத்துக்கொண்டு, இந்தச் சொத்தின் மேல் கடன் கொடுக்கலாமா என்று வங்கியின் பேனலில் (பட்டியலில்) உள்ள வெளி வக்கீல் எழுதிய கருத்தைச் சரிபார்க்க வேண்டும். மூன்று தலைமுறைக்கு முந்தைய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு மகளின் கையெழுத்து இல்லாமல் இருக்கும். மற்ற யார் கண்ணிலும் பட்டிருக்காது. பழைய கையெழுத்துத் தமிழை, "நான்குமால்", "மேற்படி சொத்தில்" போன்ற பத்திரத் தமிழைத் தங்குதடையின்றிப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே தனி மரியாதை. கடன் கட்டாவிட்டால், அடமானச் சொத்தை வங்கியே எடுக்க வழி செய்யும் சர்பேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அப்புறம் கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்று வேலை நீளும்.

பொதுத்துறை நிறுவனங்கள் அடுத்து. என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி. போன்றவை எல்எல்.எம். படிப்புக்கான கிளாட் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சட்டப் பட்டதாரிகளை எடுத்திருக்கின்றன. ரிசர்வ் வங்கியும் செபியும் தனியாகத் தேர்வு வைத்துச் சட்ட அதிகாரிகளை எடுக்கின்றன. இங்கெல்லாம் ஏணி தெளிவாக இருக்கும். எந்த வருடம் எந்தப் படி என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

தனியாரில் ஏணி அவ்வளவு ஒழுங்காக இருக்காது. லீகல் எக்ஸிக்யூட்டிவ், அசிஸ்டென்ட் மேனேஜர், மேனேஜர், லீகல் ஹெட், கடைசியில் ஜெனரல் கவுன்சல். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் மையங்களில் வருடம் முழுக்க ஒப்பந்தம் மட்டுமே படிக்கும் குழுக்கள் இருக்கின்றன. சம்பளம் நன்றாக இருக்கும்; ஆனால் பத்து வருடம் ஒரே மாதிரியான ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் படித்தவருக்கு ஒரு சம்மன் வந்தால் கை நடுங்கும். ஸ்டார்ட்அப்பில் இதற்கு நேர்மாறு: லீகல் டிபார்ட்மென்ட் என்பதே நீங்கள் ஒருவர்தான். காலையில் முதலீட்டு ஒப்பந்தம், மதியம் வாடகைத் தகராறு. கற்றுக்கொள்ள அதைப் போல இடமில்லை. தப்பு செய்யவும் அதைப் போல இடமில்லை.

கம்பெனி செயலரும் நிறுவன வக்கீலும் ஒன்றா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. கம்பெனி செயலர் (சி.எஸ்.) தனிப் படிப்பு, தனிக் கழகம். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியும், 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் உள்ள பொது கம்பெனியும் முழுநேரக் கம்பெனி செயலரையும் நிதித் தலைவரையும் வைத்தே ஆக வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 203-ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் ஜெனரல் கவுன்சல் இல்லை. அதாவது கம்பெனி நம்மை வைத்துக்கொள்வது சட்டக் கட்டாயத்தால் இல்லை, தேவை என்று நினைப்பதால். ஆட்குறைப்பு வரும்போது இந்த வித்தியாசம் தெரியும். எல்எல்.பி.யும் சி.எஸ்.ஸும் இரண்டும் முடித்தவர்களை மத்தியதர கம்பெனிகள் தேடுவதற்கும் இதுதான் காரணம். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை.

கோர்ட்டா, நேராகக் கம்பெனியா?

கல்லூரி முடித்த கையோடு கம்பெனிக்குப் போகலாமா என்றால், என் சொந்தக் கருத்து: இரண்டு மூன்று வருடமாவது ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியை எழுதும்போது, இதை வைத்துக் கோர்ட்டில் என்ன சண்டை வரும் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாய்தா என்றால் என்ன, ஒரு ஸ்டே வாங்க எத்தனை நாள் ஆகும், குமாஸ்தாவிடம் எப்படிப் பேசினால் கட்டு கிடைக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. வெளி வக்கீல் "அடுத்த வாரம் முடிஞ்சிடும் சார்" என்று சொல்லும்போது அதை நம்பலாமா என்று தெரிவதே பெரிய திறமை.

இப்படிச் சொல்வது சுலபம். அந்த இரண்டு மூன்று வருடத்தை ஓட்டப் பணம் வேண்டுமே. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் இந்திய பார் கவுன்சிலும் நகரம், கிராமம் என்று பிரித்து அதே தொகைகளைப் பரிந்துரைத்தது. எத்தனை சேம்பரில் அது கைக்கு வருகிறது என்று உங்கள் சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் கடன் இருக்கிறது, தங்கைக்குப் படிப்பு இருக்கிறது என்கிற பிள்ளையிடம் "முதலில் கோர்ட்டில் கஷ்டப்படு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றாம் தேதி சம்பளம் என்பது சின்ன விஷயமில்லை. நேராக வந்தவர்களிலும் பிரமாதமானவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் தங்கள் கம்பெனியின் ஒவ்வொரு வழக்குக்கும் வெளி வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்கள்.

நேர்முகத் தேர்வில் நான் சட்டப் பிரிவு எண்களைக் கேட்பதில்லை. ஒரு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, "இதில் என்ன ஆபத்து என்று சட்டம் தெரியாத ஒரு சேல்ஸ் மேனேஜருக்கு ஐந்து வரியில் எழுதுங்கள்" என்பேன். பாதிப் பேர் ஒன்றரைப் பக்கம் எழுதுவார்கள். 'மேற்சொன்ன காரணங்களின் அடிப்படையில்' என்று ஆரம்பித்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூடவே ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. கம்பெனிக்கு எதில் பணம் வருகிறது, யாருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று தெரியாதவருக்கு, எந்த ஒப்பந்தத்தில் நேரம் செலவழிக்க வேண்டும் என்றும் தெரியாது.

வேலை கிடைத்துவிட்டதா? பார் கவுன்சிலுக்கு எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள். முதல் வாரம் யாரும் பெரிதாக வேலை கொடுக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மூன்று பட்டியல் கேளுங்கள்: நடந்துகொண்டிருக்கும் வழக்குகளும் அடுத்த வாய்தாவும், யார் யாருக்கு என்னென்ன அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறது என்பது, இந்த வருடம் முடியப்போகும் ஒப்பந்தங்களும் லைசென்ஸ்களும். மூன்றில் ஒன்றாவது இருக்காது. பிறகு அக்கவுண்ட்ஸ் பக்கம் போய் ஒரு டீ குடித்துக்கொண்டே, திரும்பி வந்த செக்கெல்லாம் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் கை எந்த டிராயர் பக்கம் போகிறது என்று பாருங்கள்.